குமட்டல் மருந்து ஆய்வில் அக்காவைச் சேர்க்கலாமா? ஒரு விரிவான பதில்

வந்திருக்கும் கேள்வி இதுதான்: "அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். அடுத்த வாரம் கீமோ ஆரம்பிக்கிறார்கள். குமட்டல், வாந்தியைக் கட்டுப்படுத்துவது பற்றி ஒரு கிளினிக்கல் டிரையல் நடக்கிறது, சேர விருப்பமா என்று கேட்டுக் கையில் ஒரு கட்டுப் படிவத்தைக் கொடுத்திருக்கிறார்கள். குலுக்கல் முறையில் சிலருக்கு வெற்று மாத்திரை தருவார்களாம். இருக்கிற வேதனை போதாதென்று அவளைச் சோதனை எலியாக்க வேண்டுமா? மாட்டேன் என்றால் டாக்டர் மனதில் வைத்துக்கொள்வாரா? சிகிச்சை முடிந்து உடம்பு தேறுவதற்கும் இப்படி ஆய்வுகள் உண்டா?"

நான் டாக்டர் இல்லை. மருத்துவ ஆய்வுகளில் நோயாளிகளோடும் குடும்பத்தாரோடும் உட்கார்ந்து ஒப்புதல் படிவத்தை விளக்குவதும், அவர்கள் எழுதிக்கொண்டு வரும் குறிப்பேட்டைச் சரிபார்ப்பதும் பல வருடமாக என் வேலை. அந்த இடத்திலிருந்து சொல்கிறேன். அக்காவின் உடல்நிலைக்கு எது சரி என்பதை அவருடைய டாக்டர்தான் சொல்ல முடியும்.

முதலில் அந்த எலி பயத்தைப் பார்த்துவிடலாம். டிரையல் என்றதும், இதுவரை யாருக்கும் கொடுக்காத மருந்தை முதன்முதலாக ஒருவர் உடம்பில் ஏற்றிப் பார்ப்பதுதான் நினைவுக்கு வரும். அப்படியும் ஆய்வுகள் உண்டு, முதல் கட்ட ஆய்வு என்பார்கள். உங்களிடம் கேட்டிருப்பது அநேகமாக அது இல்லை. அக்காவுக்கு என்ன கீமோ, எவ்வளவு, எத்தனை சுற்று என்பதை இந்த ஆய்வு தொடாது. அந்தக் கீமோவால் வரும் தொல்லையை எப்படிக் குறைக்கலாம் என்பது மட்டும்தான் கேள்வி. இந்த வகை ஆய்வுகளில் சோதிக்கப்படுவது பெரும்பாலும் வேறொரு நோய்க்காகப் பல காலம் புழக்கத்தில் இருக்கும் மருந்தாக இருக்கும். சில ஆய்வுகளில் மருந்தே இருக்காது: வாயில் ஐஸ் கட்டி, கையில் ஒரு ஜெல், வாரத்தில் சில நாள் நடை. "கீமோவில் எந்த மாற்றமும் இல்லை" என்ற வரி படிவத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

வெற்று மாத்திரைதான் எல்லோரையும் பயமுறுத்துவது. "என் பிள்ளை வாந்தியில் துடிக்க, சர்க்கரை மாத்திரையைக் கொடுத்து வேடிக்கை பார்ப்பீர்களா?" என்று என்னிடம் கோபமாகக் கேட்டவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். பதில், அந்த வெற்று மாத்திரையோடு வேறு என்ன கொடுக்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

ஓலன்சபின் என்ற மாத்திரையை எடுத்துக்கொள்வோம். அக்காவின் சீட்டிலும் இந்தப் பெயர் வர வாய்ப்பு உண்டு. மனச்சிதைவு நோய்க்காக வந்த மருந்து இது. குமட்டலைத் தூண்டும் பல ரசாயனச் செய்திகளை மூளையில் ஒரே நேரத்தில் தடுப்பதால், கீமோ வாந்திக்கும் உதவுமா என்று பார்த்தார்கள். 2016இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியான ஆய்வில் 380 பேர். வாந்தி அதிகம் வரும் கீமோ எடுத்தவர்கள், மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் டாக்ஸோரூபிசின், சைக்ளோபாஸ்பமைடு கூட்டும் அதில் அடக்கம். எல்லோருக்குமே, வெற்று மாத்திரைப் பிரிவில் விழுந்தவர்களுக்கும் சேர்த்து, அன்றைய தேதிக்கு இருந்ததிலேயே நல்ல மூன்று வாந்தித் தடுப்பு மருந்துகள் கிடைத்தன: ஒன்டான்செட்ரான் வகையில் ஒன்று, அப்ரெபிடன்ட் வகையில் ஒன்று, டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. நான்காவதாக வந்த மாத்திரைதான் ஒரு பாதிப் பேருக்கு ஓலன்சபின், மறுபாதிக்கு வெற்று மாத்திரை. முதல் 24 மணி நேரத்தில் குமட்டலே இல்லாமல் இருந்தவர்கள் ஓலன்சபின் பிரிவில் 74 சதவீதம், மற்றதில் 45. ஐந்து நாளும் குமட்டல் இல்லாமல் இருந்தவர்கள் 37 சதவீதமும் 22 சதவீதமும்.

ஆக, வெற்று மாத்திரை கிடைத்தவர் ஆய்வுக்கு வெளியே இருந்தால் என்ன மருந்து கிடைத்திருக்குமோ அதையேதான் ஆய்விலும் பெற்றார். அக்காவின் படிவத்திலும் இதைத்தான் தேட வேண்டும்: வெற்று மாத்திரை வழக்கமான மருந்தோடு கூடுதலாக வருகிறதா, வழக்கமான மருந்தை எடுத்துவிட்டு அதன் இடத்தில் வருகிறதா? கூடுதலாக என்றால் கவலை பெரிதாக இல்லை. எடுத்துவிட்டு என்றால், ஏன் என்று உட்கார்ந்து கேட்க வேண்டும். பலன் நிரூபிக்கப்பட்ட மருந்து கையில் இருக்கும்போது அதை மறுத்து வெற்று மாத்திரை தருவதை, மிக அழுத்தமான காரணம் இல்லாமல் நெறிமுறைக் குழு (ஆய்வு நியாயமானதா என்று பார்க்கும் குழு) அனுமதிக்காது. 1964இல் வந்து, கடைசியாக 2024இல் திருத்தப்பட்ட ஹெல்சின்கி பிரகடனமும் (மனிதர்களிடம் நடக்கும் மருத்துவ ஆய்வுகளுக்கான உலக நெறிமுறை) இதைத்தான் சொல்கிறது.

ஓலன்சபின் கதை அங்கே முடியவில்லை, அடுத்த பகுதிதான் எனக்குப் பிடித்தது. வாந்தி நின்றது, ஆனால் ஆட்கள் தூங்கி வழிந்தார்கள். 10 மில்லிகிராம் சாப்பிட்டவர்களில் சிலர் மறுநாள் பகலெல்லாம் கண்ணைத் திறக்க முடியாமல் கிடந்தார்கள். குமட்டலைத் தீர்க்கப் போய் இன்னொரு பக்கவிளைவை வாங்கிக்கொண்ட கதை. அளவைக் குறைத்தால் என்ன என்று ஜப்பானில் 5 மில்லிகிராமை வைத்து 710 பேரிடம் ஆய்வு செய்து 2020இல் வெளியிட்டார்கள், பலன் இருந்தது. பிறகு மும்பை டாட்டா நினைவு மருத்துவமனைக் குழு இன்னும் கீழே போய் 2.5 மில்லிகிராமை 10 மில்லிகிராமோடு நேருக்கு நேர் வைத்துப் பார்த்தது. 2024இல் லான்செட் ஆன்காலஜியில் வந்த முடிவு: வாந்திக் கட்டுப்பாடு 45 சதவீதம், 44 சதவீதம், அதாவது வித்தியாசமே இல்லை. பகல் தூக்கம் மட்டும் 90 சதவீதம் பேரிடமிருந்து 65 சதவீதமாகக் குறைந்தது. மாத்திரையில் கால் பங்கு போதும் என்று கண்டுபிடிக்க எந்த மருந்து நிறுவனத்துக்கும் ஆசை இருக்காது. பழைய, விலை மலிந்த மருந்தைக் குறைத்துக் கொடுப்பதில் யாருக்கு லாபம்? இந்த மாதிரி ஆய்வுகளைப் பெரும்பாலும் பொதுப்பணத்திலும் மருத்துவமனைகளின் சொந்த முயற்சியிலும்தான் செய்ய வேண்டியிருக்கிறது. ஆள் சேராமல் பாதியில் நின்றுபோகிறவையும் நிறைய.

இதோடு சேர்த்து ஒன்று. ஓலன்சபின் அட்டைப்பெட்டியில் உள்ள தாளைப் படித்துவிட்டு, "இது மனநோய் மாத்திரையாச்சே, எதற்கு எழுதியிருக்கிறார்கள்" என்று ராத்திரியோடு ராத்திரியாக நிறுத்திவிடும் குடும்பங்கள் உண்டு. அக்காவுக்கு அது வந்தால், குமட்டலுக்காகத்தான் வந்திருக்கிறது என்று வீட்டில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

சரி, எல்லோருக்கும் புது மருந்தையே கொடுத்துவிட்டு எத்தனை பேருக்கு நன்றாக இருக்கிறது என்று எண்ணினால் போதாதா, வெற்று மாத்திரை எதற்கு? பக்கவிளைவு விஷயத்தில் நம் எதிர்பார்ப்பே உடம்பில் நிறைய வேலை செய்கிறது என்பதால்தான். இதற்குப் புற்றுநோய்க்கு வெளியே ஒரு அருமையான சாட்சி இருக்கிறது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை உடல்வலி தருகிறது என்று சொல்லி நிறுத்திவிட்ட 60 பேரை வைத்து 2020இல் ஒரு ஆய்வு வந்தது. பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு பாட்டில்: நான்கில் ஸ்டாட்டின், நான்கில் வெற்று மாத்திரை, நான்கு காலி. எந்த மாதம் எது என்பது குலுக்கலில் வரும். தினமும் தொந்தரவு எவ்வளவு என்று பூஜ்யத்திலிருந்து நூறு வரை போனில் பதிய வேண்டும். மாத்திரையே இல்லாத மாதங்களில் சராசரி 8. ஸ்டாட்டின் மாதங்களில் 16.3. வெற்று மாத்திரை மாதங்களில் 15.4! வலி பொய் என்று இதற்கு அர்த்தம் இல்லை. வலி உண்மை, காரணம்தான் மாத்திரைக்குள் இருந்த மருந்து இல்லை. தங்கள் கணக்கைத் தாங்களே பார்த்த பிறகு அவர்களில் பாதிப் பேர் மறுபடி ஸ்டாட்டினைத் தொடங்கினார்கள்.

கெடுதலில் இப்படி என்றால் நல்லதிலும் அப்படித்தான். "இதைச் சாப்பிட்டதும் கொஞ்சம் தெம்பு வந்தது" என்பது மருந்தாலும் வரும், புதிதாக ஒன்று செய்கிறோம் என்ற நம்பிக்கையாலும் வரும், இரண்டு நாளில் தானாகவும் வரும். கீமோ குமட்டல் எப்படியும் சில நாளில் தணிகிற விஷயம். மூன்றாம் நாள் எதைச் சாப்பிட்டாலும் நான்காம் நாள் அதற்குப் பேர் கிடைத்துவிடும்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், "சாப்பிட்டால் கெடுதல் ஒன்றும் இல்லையே" என்ற நினைப்பு இந்தத் துறையில் ஆபத்தானது. அக்காவுக்கு அடுத்த கட்டத்தில் பாக்லிடாக்சல் மாதிரி டாக்ஸேன் வகை மருந்து வரலாம். அது விரல் நுனியிலும் பாதத்திலும் மரத்துப்போவது, குத்துவது, எரிவது என்று நரம்பைப் பாதிக்கும். அசிட்டைல் எல் கார்னிட்டின் என்ற சத்து மாத்திரை நரம்புக்கு நல்லது, இதைத் தடுக்கும் என்று பலரும் நம்பினார்கள். கடையில் சீட்டு இல்லாமல் கிடைப்பது. அமெரிக்காவில் டாக்ஸேன் எடுத்த 409 பெண்களிடம் வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டுச் சோதித்தார்கள், முடிவு 2013இல் வந்தது. 24 வாரத்தில் கார்னிட்டின் எடுத்தவர்களுக்கு நரம்புப் பாதிப்பு குறையவில்லை, அதிகமாகிவிட்டது. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோதும் அவர்கள்தான் மோசமாக இருந்தார்கள். அந்த ஆய்வு நடக்காமல் போயிருந்தால், மரத்துப்போன விரல்களோடு எத்தனையோ பேர் இன்னும் அதையே நம்பி விழுங்கிக்கொண்டிருப்பார்கள். நரம்புப் பாதிப்பால் வலி வந்த பிறகு ஓரளவு உதவுவதாக நல்ல ஆய்வில் தெரிந்த மாத்திரை டுலாக்செட்டின். 231 பேர், 2013. அதிலும் பலன் மிதமானதுதான்: சராசரியாகப் பத்துக்கு ஒரு புள்ளி அளவுக்கு வலி குறைந்தது, வெற்று மாத்திரையில் ஒரு புள்ளியில் மூன்றில் ஒரு பங்குதான். தடுப்பதற்கென்று நிரூபிக்கப்பட்ட மாத்திரை இன்றுவரை இல்லை.

அதனால், ஆய்வில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும், அக்கா சாப்பிடும் சத்து மாத்திரை, மூலிகைப் பொடி, யாரோ அன்போடு கொண்டுவந்து கொடுத்த கஷாயம் எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். "இயற்கையானதுதானே" என்று மறைப்பதால் கீமோ மருந்தோடு மோதும் ஆபத்தும் உண்டு, ஆய்வின் முடிவும் கெடும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ரத்த அழுத்தத்தைக் கருவி அளக்கும், கட்டியை ஸ்கேன் அளக்கும். குமட்டலை அளக்க அக்காவைத் தவிர வேறு கருவி கிடையாது. இந்த ஆய்வின் முழு நம்பகத்தன்மையும் அவர் ஒரு தாளில் போடப்போகும் எண்ணில் தொங்குகிறது.

நடைமுறையில் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். கீமோ ஏற்றும் அன்று மருத்துவமனையில் நர்ஸ் பக்கத்தில் இருப்பார், அன்று பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை வருவதுதான் இழுபறி. அப்போது வீட்டில் இருப்பார்கள், எந்த டாக்டர் கண்ணிலும் படாது. அதற்காகத்தான் குறிப்பேடு. ஒவ்வொரு நாளும் குமட்டல் எவ்வளவு என்று பூஜ்யத்திலிருந்து பத்து வரை ஒரு எண், எத்தனை முறை வாந்தி, அவசர மாத்திரை (வழக்கமான மருந்தையும் மீறிக் குமட்டல் வந்தால் எடுப்பதற்கு) எடுத்தாரா, எப்போது. மூன்று வாரம் கழித்து அடுத்த சுற்றுக்கு வரும்போது உள்ளே டாக்டர் கேட்பார்: "போன தடவை எப்படி இருந்தது?" பதில் வரும்: "பரவாயில்லை டாக்டர்." வெளியே வந்து என் மேஜையில் குறிப்பேட்டைத் திறந்தால் மூன்றாம் நாள் எதிரே 8 என்று எழுதியிருக்கும். இதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். டாக்டரைக் குறை சொல்லிப் புண்படுத்தக் கூடாது, புலம்புகிறவள் என்று பேர் வாங்கக் கூடாது, கீமோவை நிறுத்திவிடுவாரோ என்ற பயம், எல்லாம் சேர்ந்துதான் அந்தப் "பரவாயில்லை". நோயாளி உணரும் தொல்லையைவிடக் குறைவாகவே டாக்டர்கள் பதிகிறார்கள் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்த ஒன்று. நோயாளியே நேரடியாகப் பதியும் கேள்வித்தாள்களை ஆய்வுகளில் சேர்க்கத் தொடங்கியதும் இதனால்தான்.

வேறு சில பக்கவிளைவுகளை டாக்டர்கள் ஒன்று முதல் ஐந்து வரை தரம் பிரிப்பார்கள். அந்தத் தரம் வலியின் அளவைப் பொறுத்து மட்டும் அமைவதில்லை. நரம்பு மரப்பில் சமையல், கடைக்குப் போவது, போன் எடுப்பது தடைப்பட்டால் இரண்டாம் தரம். தானே உடுத்த, குளிக்க, சாப்பிட முடியவில்லை என்றால் மூன்றாம் தரம். கீமோவின் அளவைக் குறைப்பதா, தள்ளிப்போடுவதா என்பது இந்த இரண்டுக்கும் இடையிலேயே தீர்மானமாகிறது. "கொஞ்சம் மரத்திருக்கு" என்று சொல்வதைவிட "சட்டைப் பித்தானைப் போட அம்மா வர வேண்டியிருக்கு" என்று சொன்னால் டாக்டருக்கு எல்லாம் விளங்கிவிடும்.

அவசர மாத்திரை பற்றி இன்னொரு தவறான எண்ணம் இருக்கிறது. "ஆய்வு கெட்டுவிடுமோ" என்று எண்ணிப் பல்லைக் கடித்துக்கொண்டு மாத்திரை எடுக்காமல் இருப்பவர்கள் உண்டு. வேண்டாம். அவசர மாத்திரை எடுத்ததும் ஒரு முடிவுதான், அதையும் கணக்கில் சேர்க்கிறார்கள். எடுத்துவிட்டு எழுதுங்கள். எழுதுவதை அன்றன்றே செய்யுங்கள். மருத்துவமனைக் காத்திருப்பு நாற்காலியில் ஒரே பேனாவால் ஒரே மூச்சில் நிரப்பிய குறிப்பேடு பார்த்தவுடனே தெரியும், அதனால் யாருக்கும் பயன் இல்லை.

இந்தப் பதிவுக்கு ஆய்வைத் தாண்டியும் ஒரு மதிப்பு இருக்கலாம். நியூயார்க்கில் உள்ள ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் பரவிய புற்றுநோய்க்குக் கீமோ எடுத்த 766 பேரில் ஒரு பகுதியினர் பன்னிரண்டு வழக்கமான தொல்லைகளைக் கணினியில் தாங்களே பதிந்தார்கள். ஏதாவது ஒன்று மோசமானால் நர்ஸுக்குத் தகவல் போகும். இவர்களின் வாழ்க்கைத் தரம் மேம்பட்டது, அவசரப் பிரிவுக்குப் போவது குறைந்தது. 2017இல் சொன்ன கணக்குப்படி நடுமதிப்பு ஆயுள் (பாதிப் பேர் அதைத் தாண்டி வாழ்ந்த காலம்) 26 மாதத்திலிருந்து 31.2 மாதமானது. இதைக் கேட்டு எல்லோரும் துள்ளினார்கள். பிறகு 52 மையங்களில் 1,191 பேரிடம் நடந்த பெரிய ஆய்வில் தொல்லைகள் கட்டுக்குள் வந்ததும் உடல் இயக்கம் நன்றாக இருந்ததும் மறுபடி தெரிந்தன. ஆயுள் கூடியது மட்டும் தெரியவில்லை. ஒரே மருத்துவமனையில் வந்த மகிழ்ச்சியான முடிவை நான் எப்போதும் சற்றுத் தள்ளி நின்றே பார்ப்பதற்கு இது ஒரு காரணம். ஆனால் ஆயுள் கூடாவிட்டாலும், சொன்னால் கேட்க ஆள் இருந்தால் தொல்லை குறைகிறது என்பது இரண்டிலும் நின்றுவிட்டது. எனக்கு அதுவே போதும்.

மற்ற பக்கவிளைவுகள் பற்றி நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் அடுத்தடுத்து இவற்றுக்கான ஆய்வுகளும் காதில் விழும். வாய்ப்புண்ணுக்கு ஐஸ் கட்டி நல்ல உதாரணம். ஃப்ளூரோயுராசில் என்ற கீமோ மருந்தை வேகமாக ஊசியில் ஏற்றும்போது சில நிமிடங்களில் அது ரத்தத்தில் குறைந்துவிடும். அந்த நேரத்தில் வாயில் ஐஸை வைத்திருந்தால் வாயின் ரத்தக் குழாய்கள் சுருங்கும், மருந்து அங்கே குறைவாகப் போகும். ஊசிக்குச் சற்று முன் தொடங்கி அரை மணி நேரம் ஐஸை உறிஞ்ச வைத்த ஆய்வு 1991இலேயே வந்தது, இன்றும் அதுதான் வழக்கம். ஆனால் ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து எடுப்பவர்கள் ஐஸ் பக்கமே போகக் கூடாது, குளிர் பட்டால் அவர்களுக்குத் தொண்டையும் விரலும் துடித்துப்போகும். எல்லோருக்கும் பொருந்தும் வைத்தியம் இதில் கிடையாது.

கேப்சிடபின் என்ற கீமோ மாத்திரை எடுப்பவர்களுக்கு உள்ளங்கை சிவந்து, உரிந்து, எரியும். மூட்டு வலிக்கு விழுங்கும் செலிகாக்சிப் அதைத் தடுப்பது முன்பே தெரியும். ஆனால் அதை மாதக்கணக்கில் விழுங்கினால் இதயத்துக்கு ஆபத்து. அதே வழியில் வேலை செய்யும் ஒன்றை விழுங்காமல் மேலே பூசினால் என்ன என்று டெல்லி எய்ம்ஸில் யோசித்தார்கள். வலிக்குத் தடவும் அதே டைக்ளோஃபினாக் ஜெல்தான். 264 பேர், கையில் தினம் இரண்டு வேளை. தொல்லை தரும் அளவுக்குக் கை பாதிக்கப்பட்டவர்கள் வெற்று ஜெல் பிரிவில் 15 சதவீதம், டைக்ளோஃபினாக் பிரிவில் 3.8 சதவீதம். 2024இல் வெளியானது. இவ்வளவு சாதாரணமான பொருளில் இவ்வளவு பெரிய வித்தியாசம் அபூர்வம்.

முடி உதிர்வுக்குத் தலையைக் குளிர்விக்கும் தொப்பி. 2017இல் வந்த ஆய்வில் தொப்பி போட்டவர்களில் பாதிப் பேருக்கு முடி பெருமளவு நின்றது, போடாதவர்களில் ஒருவருக்கும் நிற்கவில்லை. டாக்ஸேன் எடுப்பவர்களிடம் நன்றாகவும், டாக்ஸோரூபிசின் எடுப்பவர்களிடம் குறைவாகவும் வேலை செய்கிறது. இதில் வெற்றுத் தொப்பி கொடுத்து ஏமாற்ற வழியில்லை, அதனால் ஆய்வின் அமைப்பே வேறு.

தேறி வருவது பற்றி. கீமோ முடிந்த பிறகும் மாதக்கணக்கில் விடாத சோர்வுதான் பலரை உடைப்பது. தூங்கி எழுந்தாலும் தீராத சோர்வு அது. தூண்டு மாத்திரையான மெத்தில்ஃபெனிடேட் உதவும் என்று பெரிதாக எதிர்பார்த்தார்கள். முற்றிய புற்றுநோய் உள்ளவர்களிடம் நடந்து 2024இல் வந்த ஆய்வில் வெற்று மாத்திரையைவிட அது உருப்படியாக ஒன்றும் செய்யவில்லை. 113 ஆய்வுகளை, 11,525 பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்த 2017ஆம் ஆண்டுத் தொகுப்பில் மாத்திரைகளை முந்தியவை உடற்பயிற்சியும் உளவியல் ஆலோசனையும். களைத்துக் கிடப்பவரிடம் "எழுந்து நட" என்றால் கோபம் வருவது நியாயம்தான். ஆனாலும் தரவு அந்தப் பக்கமே நிற்கிறது.

2025இல் வந்த ஒன்றை இந்தத் துறையில் எல்லோரும் பேசினார்கள். பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவையும் கீமோவும் முடித்த 889 பேரில் ஒரு பாதிக்கு மூன்று வருடம் பயிற்சியாளரோடு திட்டமிட்ட உடற்பயிற்சி, மறுபாதிக்குக் கையேடு மட்டும். பெரும்பாலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்தது. எட்டு வருட முடிவில் உயிரோடு இருந்தவர்கள் பயிற்சிப் பிரிவில் 90.3 சதவீதம், கையேட்டுப் பிரிவில் 83.2. ஆள் சேர்க்கவே பதினைந்து வருடம் போல ஆனது. இது பெருங்குடலுக்கு வந்த முடிவு, மார்பகத்துக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. பயிற்சிப் பிரிவில் தசை, மூட்டுத் தொல்லைகளும் சற்று அதிகம். யாராவது "நடந்தால் புற்றுநோய் குணமாகும்" என்று இதைச் சுருக்கி அனுப்பினால் நம்பாதீர்கள். அவர்கள் எல்லோரும் கீமோவை முழுதாக முடித்தவர்கள்.

அறுவைச் சிகிச்சை வருமென்றால், அதற்கு முன்பே உடம்பைத் தயார்ப்படுத்தும் ஆய்வுகளும் நடக்கின்றன. குடல் அறுவைக்கு முன் நான்கு வாரம் பயிற்சி, புரதம், மன ஆதரவு, புகை நிறுத்தம் என்று கொடுத்ததில் கடுமையான சிக்கல்கள் 29.7 சதவீதத்திலிருந்து 17.1 ஆகக் குறைந்ததை 2023இல் வெளியிட்டார்கள். அறுவை முடிந்த மறுநாளே எழுப்பி நடக்க வைப்பது பலருக்கு இரக்கமற்ற செயலாகத் தெரியும். 1990களில் டென்மார்க்கின் ஹென்ரிக் கெலெட் தொடங்கிய வழி அது, சீக்கிரம் தேறுகிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் உலகெங்கும் பரவியது.

படிவத்துக்குத் திரும்புவோம். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்க உங்களுக்கு உரிமை உண்டு, "இப்போதே கையெழுத்துப் போடுங்கள்" என்று யாரும் அவசரப்படுத்தக் கூடாது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் கேட்பவை: எதோடு எதை ஒப்பிடுகிறீர்கள்? கூடுதலாக எத்தனை ரத்தப் பரிசோதனை, எத்தனை முறை வர வேண்டும், அந்தச் செலவு யாருடையது? ஆய்வு மருந்தால் ஏதாவது ஆகிவிட்டால் சிகிச்சையும் இழப்பீடும் யார் பொறுப்பு? ராத்திரி இரண்டு மணிக்கு வாந்தி நிற்கவில்லை என்றால் எந்த எண்ணுக்கு அழைப்பது, எடுப்பது யார்? கடைசிக் கேள்விக்குத் தயங்கித் தயங்கிப் பதில் வந்தால் நான் யோசிப்பேன். நல்ல ஆய்வுக் குழுவுக்கு அந்தப் பதில் நுனி நாக்கில் இருக்கும். ஆய்வு பொதுப் பதிவேட்டில் பதியப்பட்டிருக்கிறதா என்று பதிவு எண்ணைக் கேட்டு நீங்களே பார்க்கலாம்.

மறுத்தால் டாக்டர் மனதில் வைத்துக்கொள்வாரா என்கிறீர்கள். வைத்துக்கொள்ளக் கூடாது. மறுப்பதாலோ பாதியில் விலகுவதாலோ வழக்கமான சிகிச்சை எந்த விதத்திலும் பாதிக்கப்படாது என்று படிவத்திலேயே எழுதியிருக்க வேண்டும், காரணம் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. டாக்டர் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தயக்கமாக இருந்தால் ஆய்வு ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லலாம், அதைக் கேட்டுக்கொள்வதும் அவர் வேலைதான். படிவத்தில் நெறிமுறைக் குழுவின் தொடர்பு எண்ணும் இருக்கும். யாராவது வற்புறுத்தினால் அதற்கு அழைக்கலாம்.

கையெழுத்துப் போடப்போவது அக்கா. படிவத்தை முதலில் அவர் கையில் கொடுங்கள். முதல் சுற்று எப்படி இருக்குமோ என்ற பதற்றத்தில், தினமும் எண் போடுவதே பெரிய சுமையாக அவருக்குத் தோன்றினால் விட்டுவிடலாம். சிலருக்கு நேர்மாறாக, அந்தக் குறிப்பேடு இருப்பதே தெம்பு, என்ன நடக்கிறது என்று யாரோ கவனிக்கிறார்கள் என்ற தெம்பு. அக்கா எந்த ரகம் என்பது உங்களுக்குத்தான் தெரியும். சேர்ந்தால், கீமோவுக்கு மறுநாளிலிருந்து நான்கு நாள் சாயங்காலம் ஒரே நேரத்தில் குறிப்பேட்டை எடுத்துக் கொடுக்கும் வேலையை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். எண்ணை மட்டும் அவரே போடட்டும், "ஆறு இருக்காது, நாலுதான் இருக்கும்" என்று நீங்கள் திருத்த வேண்டாம்.